ஐயருக்கு எந்தக் கிழமை லீவு?

"ஊழியக்காரனுக்கு ஓய்வு பரலோகத்தில்தான்." எங்கள் பக்கத்துச் சபைகளில் இதைக் கேட்காமல் ஒரு கன்வென்ஷன் முடியாது. மேடையில் பேசுகிறவர் உரத்த குரலில் சொல்வார். பந்தலில் இருப்பவர்கள் ஆமென் போடுவார்கள். தூக்கமில்லாமல் கண் சிவந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் போதகரும் தலையாட்டுவார். பக்தியாகக் காதில் விழுகிற இந்தப் பேச்சு பொய். வேதத்தை மீறுகிறது, சபையைச் சோம்பேறியாக்குகிறது, போதகரின் வீட்டை உள்ளிருந்தே அரிக்கிறது.

பழனி மலையடிவாரத்தில் கெங்குவார்பட்டிப் பக்கம் ஊழியம் செய்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இங்கே ஒரு போதகருக்கு, சபையார் வாயில் ஐயருக்கு, ஒரு சபை மட்டும் இருப்பது அபூர்வம். தாய்ச்சபை ஒன்று இருக்கும். அதைச் சுற்றித் தோட்டங்களுக்கு நடுவே சின்னச்சின்ன கிராமச் சபைகள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அங்கே நற்கருணை. மதியம் ஒரு புதுவீட்டு ஜெபம்; சாப்பிடாமல் கிளம்பினால் வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல். சாயங்காலம் ஓர் அடக்க ஆராதனை. கல்லறைத் தோட்டத்தைவிட்டு வெளியே வருவதற்குள் போன் வரும்: க.விலக்கு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், ஐயா வந்து ஜெபிக்கணும். போய்த் திரும்பினால் இரவு வீட்டு ஜெபம் காத்திருக்கும். திங்கள் காலை மதுரைக்குப் பேராய அலுவலகம் போக வேண்டும்: சபைக் கணக்கு, பள்ளிக்கூட விவகாரம், எப்போதோ தொடங்கிய இடத் தகராறு.

இதில் எதுவும் வீண்வேலை என்று நான் சொல்லவில்லை. மரணப்படுக்கை அருகே நிற்பதற்குத்தான் போதகர் இருக்கிறார். ஆனால் ஏழு நாளும் இப்படியே ஓடுவதற்கு விசுவாசம் என்று பெயர் சூட்டிப் போற்றுகிறோமே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

நான் அறிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். முந்தின இரவு முழு இரவு ஜெபம் நடத்திய போதகர் கதவைச் சாத்திவிட்டுப் படுத்திருக்கிறார். சபைப் பெரியவர் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார்.

"என்னம்மா, ஐயரு பகல்லயே படுத்துட்டாரா? முந்தி இருந்த ஐயரு ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் சட்டையை மாட்டிக்கிட்டு வந்துருவாரு."

"இல்லங்கய்யா, இந்தா எழுப்பிர்றேன்" என்கிறார் போதகரின் மனைவி ஐயரம்மா, குற்றம் செய்துவிட்ட முகத்தோடு. எழுப்பிவிட்டார். பெரியவர் கேட்டு வந்தது பேரனின் ஞானஸ்நான சர்டிபிகேட் நகல். மறுநாள் காலையில் வாங்கிக்கொண்டிருக்கலாம். முந்தி இருந்த அந்த ஐயர், பணி ஓய்வுக்கு முன்பே இருதய ஆபரேஷன் செய்துகொண்டவர் என்பது அந்தப் பெரியவருக்கும் தெரியும். தெரிந்தும் அவரைத்தான் இலக்கணமாக நிறுத்துகிறார். ஒரு மனிதரின் உடம்பு உடைந்ததை அவருடைய ஊழியத்தின் சிறப்பாகப் பேசப் பழகிவிட்டோம்.

பக்கத்துத் தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவு திறக்கப்படுவதே இல்லை. மூடிய கதவுக்குத்தான் பூஜை நடக்கிறது. அங்கே போகிற மக்களின் பக்தி அதனால் குறைந்ததில்லை. காணாமல் விசுவாசிப்பதே பாக்கியம் என்று பிரசங்கிக்கிற நாம், வாரத்தில் ஒரு நாள் போதகர் வீட்டுக் கதவு மூடியிருந்தால் கர்த்தரே ஊரைவிட்டுப் போய்விட்டதைப்போலப் பதறுகிறோம்.

வேதம் என்ன சொல்கிறது? பத்துக் கற்பனைகளில் நான்காவது ஓய்வுநாளைப் பற்றியது. கொலை செய்யாதே, களவு செய்யாதே என்ற கட்டளைகள் எழுதப்பட்ட அதே கற்பலகைகளில்தான் அதுவும் எழுதப்பட்டது. வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும், வாசலில் தங்கும் அந்நியனுக்கும், மாட்டுக்கும்கூட அந்த நாள் உண்டு. போதகர் மட்டும் விலக்கு என்று எந்த வசனமும் இல்லை. லேவியருக்கு எண்ணாகமம் எட்டாம் அதிகாரம் வயது வரம்பே போடுகிறது: 25 வயதில் பணிக்கு வரவேண்டும், 50 வயதில் ஆசரிப்புக் கூடாரத்தின் வேலையை விட்டுவிட்டு, சகோதரருக்குத் துணையாக மட்டும் இருக்கவேண்டும்.

எலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி. மறுகணமே யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின்கீழ் விழுந்து, சாகவேண்டும் என்று கேட்கிறான். தேவதூதன் வந்து அவனைக் கண்டிக்கவில்லை, உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து எழுப்பினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினான். மறுபடியும் சாப்பாடு. ஓரேபுக்குப் போகிற பயணமும் மெல்லிய சத்தமும் அதற்குப் பிறகுதான். சோர்ந்துபோன ஊழியக்காரனுக்குக் கடவுள் முதலில் கொடுத்தது சோறும் தூக்கமும்.

உடனே ஒருவர் மாற்கு ஆறாம் அதிகாரத்தைக் காட்டுவார். சீஷர்களை ஓய்வெடுக்க வனாந்தரத்துக்கு அழைத்துப் போனார் இயேசு. ஆனால் கூட்டம் பின்தொடர்ந்து வந்ததும் மனதுருகிப் போதித்தாரே, ஓய்வை விட்டுவிட்டாரே என்பார். அதிகாரத்தை அங்கேயே மூடிவிடுகிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். தொடர்ந்து படியுங்கள். ஐயாயிரம் பேருக்கு உணவு கொடுத்த கையோடு சீஷர்களைப் படகில் ஏற்றி அனுப்பினார். ஜனங்களை அவரே அனுப்பிவைத்தார். ஜெபிக்கத் தனியாக மலைமேல் ஏறினார். அன்று அந்தக் கூட்டத்தில் குணமாகாத வியாதியஸ்தர் ஒருவராவது இருந்திருக்க மாட்டாரா? இருந்தும் அனுப்பிவைத்தார்.

மலை என்றதும் எங்கள் தலைக்குமேல் நிற்கிற பழனி மலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காட்ரோட்டில் பிரிந்து, டம்டம் பாறை வழியாக, தலையாறு அருவியைப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு ஏறுகிற சாலையில் வார இறுதி முழுவதும் கார்கள் போகின்றன. எல்லாரும் ஓய்வுக்காகப் போகிறார்கள். அந்தக் கொடைக்கானல் ஓர் ஊராக உருவானதே ஊழியக்காரர்களின் ஓய்வுக்காகத்தான் என்பது இந்தச் சாலையோரத்துச் சபைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள், முதல் பத்தாண்டுகளிலேயே காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்தார்கள். முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல். 1845-ல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ஊர் அங்கிருந்துதான் வளர்ந்தது. ஓய்வில்லாத ஊழியம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை அவர்களுக்குக் கல்லறைகள் கற்றுக்கொடுத்திருந்தன. அவர்கள் செய்தது புத்தியுள்ள காரியம்.

ஆனால் அந்த ஓய்வு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. அதே 1845-ல்தான் அதே மிஷன், உபதேசிமாரைப் பயிற்றுவித்த செமினரியைத் திருமங்கலத்திலிருந்து பசுமலைக்கு மாற்றியது. அங்கே படித்துக் கிராமங்களுக்குப் போன தமிழ் உபதேசியார், வாரநாளில் பள்ளிக்கூடம் நடத்தி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்தி, கோடை முழுவதும் வெயிலிலேயே இருந்தார். சாலை வருவதற்கு முன்னால், பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்களை நாற்காலியிலும் டோலியிலும் தோளில் சுமந்து மேலே ஏற்றியவர்கள் நம் ஊர்க் கூலியாட்கள். ஓய்வு என்பது துரைமார் சமாசாரம் என்ற எண்ணம் அப்படித்தான் நம் சபைகளுக்குள் ஊறிப்போனது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மிஷனரிகளிடமிருந்து மணியையும் பிரசங்க பீடத்தையும் கணக்குப் புத்தகத்தையும் கமிட்டியையும் வாங்கிக்கொண்டோம். ஓய்வை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. உபதேசியாரின் களைப்பைப் பக்தி என்று சொல்லிக்கொண்டு இன்றைய போதகரின் தலையில் ஏற்றிவைத்தோம்.

இந்தப் பழியைச் சபையார்மேல் மட்டும் போட்டால் நியாயமாகாது. ஓய்வெடுக்காத போதகர்களில் பலருக்குத் தாங்கள் இல்லாமல் எதுவும் நடக்கக்கூடாது என்ற ஆசை இருக்கிறது. ஆலயச் சாவி, பீரோ சாவி, மைக் செட் சாவி எல்லாம் ஒரே கொத்தில் அவர்கள் இடுப்பில்தான். வாலிபர் கூட்டத்தில் அவர்களே பேச வேண்டும். மாதர் சங்கத்தை ஐயரம்மாவே நடத்த வேண்டும். ஞாயிறு பள்ளிக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளையே பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக உட்கார்ந்து நியாயம் தீர்ப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீயும் களைத்துப்போவாய், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்றார். ஜனங்களும் என்று அவர் சேர்த்துச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். ஓய்வறியாத தலைவன் தன் ஜனங்களை வரிசையில் காக்கவைக்கிறான். ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை வைத்த பிறகுதான் அந்த வரிசை கலைந்தது.

களைத்த போதகர் சபையாரையும் களைக்கவைப்பார் என்பதை இங்கே கண்ணால் பார்க்கிறோம். எங்கள் சபையில் பாதிப்பேர் கூலி வேலைக்காரர்கள். ஆறு நாள் நடவு, களையெடுப்பு, மாந்தோப்பு வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் துணி துவைக்கவும் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கவும் இடுப்பை நீட்டவும் கிடைக்கிறது. அப்படிக் கூலிக்குப் போகிற ஒரு பெண்ணை வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்கு வரவில்லையே என்று ஆலயத்தில் எழுப்பிக் கேட்கிறோம். விடிந்தால் அவள் வயலில் குனிய வேண்டும். தொழிற்சாலையில் 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் தேயிலைத் தோட்டத்தில் 1951-ஆம் ஆண்டுச் சட்டமும் வாரத்தில் ஒரு நாளை ஓய்வுக்கென்று ஒதுக்கின. தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுப்பு என்று 2021-ல் அரசு அறிவித்தது. ஓய்வுநாளை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த வேதத்தைக் கையில் வைத்திருக்கிற சபை, அரசாங்கத்துக்குப் பின்னால் நிற்கிறது.

தியாகிகளின் பெயர்களைச் சொல்லி வாயடைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. மிஷனரி ராக்லாந்து ஐயர் வட திருநெல்வேலியில் கூடாரம் கூடாரமாகச் சுற்றி, 1858-ல் சிவகாசியில் தமது 43-ஆம் வயதில் இறந்தார். அவரைப்போல உழைக்க வேண்டாமா என்பார்கள். அவர் வாழ்க்கைக்கு முன்னால் நானும் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த ஊழியம் அவர் ஒருவரால் நடக்கவில்லை. உடன் மிஷனரிகள் இருந்தார்கள். தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து அனுப்பி அந்தப் பணியைத் தாங்கின. மேடையில் அவர் மரணத்தைச் சொல்கிறவர்கள் இந்த முறைவைப்பை ஏன் சொல்வதில்லை?

சம்பளம் இல்லாத சுயாதீன ஊழியரின் நிலைமை இன்னும் கடினம். ஒரு ஞாயிறு நின்றால் அன்றைய காணிக்கை நின்றது, வீட்டில் அரிசி நின்றது. அவரிடம் போய் ஓய்வெடுங்கள் என்று உபதேசிப்பது கொடுமை. அவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டியது அவருடைய சபை.

வனாந்தரத்தில் ஆறாம் நாள் இரட்டிப்பாக மன்னா விழுந்தது. ஏழாம் நாளும் பொறுக்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நான் தூங்கும்போது சபையைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நம்பாதவன், விழித்திருக்கும்போது செய்கிற ஊழியத்தில் எந்த விசுவாசத்தைப் பிரசங்கிக்கிறான்?

சபைப் பெரியவர்களே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு கிழமையைக் குறியுங்கள். திங்களோ செவ்வாயோ, எதுவானாலும் சரி. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அன்றைக்கு மரணமும் உயிராபத்தும் தவிர வேறெதற்கும் போதகரைக் கூப்பிடாதீர்கள்; ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபிக்க உங்களில் இருவர் முறைவைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கத்தை உங்களில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தீர்மானத்தில் ஐயரம்மாவுக்கும் அதே நாள் ஓய்வு என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.