எங்க வீட்டுப் பூனைக்கும் சுகர்!

ராஜபாளையம் பக்கம்னாலே எல்லாருக்கும் நாய்தான் ஞாபகம் வரும். சுந்தரபாண்டியத்துல எங்க வீட்டுல இருக்கறது பூனை, அதுவும் சுகர் பூனை. (சிரிக்காதீங்க மக்களே!)

கூடையில அடைச்சு பஸ்ல டாக்டர்கிட்ட கொண்டுபோனா 380. மறுநாள் வீட்டுல, அப்பாவோட குளுக்கோமீட்டர்ல 190! மனுஷ மீட்டர் பூனைக்குக் கொஞ்சம் குறைச்சுக் காட்டும், சரி. மிச்சம்? பயம். பயந்தாலே பூனைக்கு சுகர் எகிறிடும். அந்த 380-ஐ மட்டும் நம்பி இன்சுலினை ஏத்தினா, லோ சுகராகி உயிரே போயிடலாம். ஊசி போடச் சொல்லிக்கொடுக்கற டாக்டருங்க, குத்திப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தே ஆகணும்கறது என் கட்சி.

பெரிய வித்தை இல்லீங்க. வெந்நீர்ல நனைச்ச துணியால காதை ஒத்தி, ஓரத்துல ஒரு குத்து, ஒரு சொட்டு. முதல் வாரம் என் கை பூரா கீறல். இப்ப அம்மாவே குத்தறாங்க. நேத்து சாயங்காலம் ஊசிக்கு முன்னாடி பார்த்தா 85. ஊசியை வெச்சுட்டு டாக்டருக்குப் போன் போட்டோம்.