ஓசோன்: போர்வையா, ஏரியா?

ஓசோனைப் பற்றி எழுதுவோர் பலர் அதனைப் போர்வை என்பர். சிலர் குடை என்பர். உவமை எளியது, கேட்டவுடன் மனத்தில் பதிவது. ஆயினும், பொருளின் இயல்பை மறைக்கும் உவமை எத்துணை எளியதாயினும் நல்லுவமை ஆகாது. நெய்து முடித்த போர்வையை எவரும் மீண்டும் நெய்வதில்லை. ஓசோனோ நாள்தோறும் ஆக்கப்படுவது, நாள்தோறும் அழிக்கப்படுவது. ஆக்குவோனும் அழிப்போனும் ஒருவனே, அவன் கதிரவன்.

மாந்தர் உயிர்க்கும் ஆக்சிஜன் இரண்டு அணுக்கள் இணைந்தது. ஓசோன் மூன்று அணுக்கள் இணைந்தது. கதிரவனிடமிருந்து வரும் புறஊதாக் கதிர்களுள் ஆற்றல் மிக்கவை உயர்வானில் ஆக்சிஜன் மூலக்கூற்றை இரண்டாகப் பிளக்கின்றன. பிரிந்த அணு மற்றோர் ஆக்சிஜன் மூலக்கூற்றைப் பற்றிக்கொண்டு ஓசோன் ஆகின்றது. அவ்வோசோன்மீது வேறு புறஊதாக் கதிர்கள் படின், அது மீண்டும் உடைகின்றது. அங்ஙனம் உடையும்போதுதான் அத்தீய கதிர்கள் உறிஞ்சப்பட்டு, நிலவுலகில் வாழும் உயிர்கள் காக்கப்படுகின்றன. உடைதலே காத்தல் ஆவது வியப்பன்றோ! இவ்வாக்க அழிவுகளை 1930ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டியவர் சிட்னி சாப்மன் என்னும் ஆங்கில அறிஞர்.

ஆகவே, ஓசோனை ஏரி என்பதே தகும். கால்வாய் வழியே நீர் வருகின்றது. மதகு வழியே செல்கின்றது. வரவும் செலவும் ஒத்திருக்குமளவும் நீர்மட்டம் மாறுவதில்லை.

அங்ஙனமாயின், ஞாயிறு மறைந்தபின் யாது நிகழும்? ஆக்குவோன் இல்லாமையால் இரவில் ஓசோன் அற்றுப்போகும் என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் தவறு, அழிப்போனும் உடன் மறைந்துவிட்டான் அன்றோ? கால்வாயும் மதகும் ஒருங்கே அடைபட்ட ஏரியில் நீர் நின்றபடியே நிற்கும். ஓசோன் மிகுந்துள்ள 20, 25 கிலோமீட்டர் உயரத்தில் நிகழ்வது இதுவே. அங்கே இருப்பு மிகுதி. ஒரு நாளைய வரவுசெலவு அதனை நோக்க மிகச் சிறிது. ஆதலின் இரவும் பகலும் அங்கு வேறுபாடு காண்டல் அரிது.

மேலே செல்லச் செல்ல நிலைமை மாறுகின்றது. 70 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெலிந்தது. பகலில் பிரிந்த அணு, சேர்தற்குரிய துணையை விரைவில் எய்தாது தனித்துத் திரிகின்றது. கதிரவன் மறைந்ததும் உடைத்தல் நின்றுவிட, தனித்துத் திரிந்த அணுக்கள் ஆக்சிஜனோடு கூடி ஓசோன் ஆகின்றன. அதனால் அவ்வுயரத்தில் இரவு ஓசோன் பகல் ஓசோனைப்போல் பல மடங்காகின்றது. விடிந்த சிறிது நேரத்திற்குள் பழையபடி குறைந்துவிடுகின்றது. இவ்விடத்து ஏரி உவமை பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். கால்வாயை அடைத்தபின் நிறையும் ஏரி எவ்வூரிலும் இல்லை. எனினும், வானிலுள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்டத்துக் காற்றின் செறிவிற்குக் கொணர்ந்து பரப்பினால் வருவதே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனந்தான். அதில் இம்மேல்வெளியின் பங்கு மிக மிகச் சிறிது.

இவ்விரு நிலைகட்கும் இடையே, 40 கிலோமீட்டர் அளவில், ஓசோன் பிற்பகலில் நூற்றுக்குச் சில பங்கு உயர்கின்றது. இத்துணைச் சிறிய மாற்றத்தைப் புறக்கணிக்கலாம் என்பார் உளர். அவர் கூற்று ஏற்கத்தக்கதன்று.

குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் உயர்வானை அடைந்து ஓசோனை அழிக்கும் என்று 1974ஆம் ஆண்டில் மொலினா, ரோலண்டு என்னும் அறிஞர் இருவர் எச்சரித்தனர். 1985ஆம் ஆண்டில் அண்டார்க்டிகாவின்மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருத்தல் வெளியாயிற்று. 1987ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் உடன்படிக்கை எழுந்தது. போர்வை கிழிந்தால் தைத்தல் வேண்டும். ஏரியில் உடைப்பு நேர்ந்தால் அதனை அடைத்தால் போதும், நீர் தானே ஏறும். உலகம் செய்தது உடைப்பை அடைக்கும் வேலையே. அதன் பயனாக, 40 கிலோமீட்டர் அளவில் ஓசோன் இப்பொழுது ஏறிவருகின்றது. ஏற்றமோ பத்தாண்டிற்கு நூற்றுக்கு ஓரிரு பங்குதான். ஒரு பிற்பகலின் ஏற்றமும் அவ்வளவே, சிற்சில இடங்களில் அதனினும் மிகுதி! ஓசோனை அளக்கும் செயற்கைக்கோள்கள் சிலவற்றின் பாதை ஆண்டுகள் செல்லச் செல்ல விலகியமையால், அவை ஓரிடத்தைக் கடக்கும் நேரம் மாறலாயிற்று. முற்பகல் அளவையும் பிற்பகல் அளவையும் நேரம் நோக்காது ஒப்பிடுவோன், ஒரு நாளின் மாற்றத்தைப் பல்லாண்டின் மாற்றமாகக் கொள்வான். உடைப்பு அடைபட்டதா என்னும் வினாவிற்குப் பொய்விடை கூறுவான். ஆதலின், ஓசோன் அளவு கூறுவோர் ஆண்டும் இடமும் மட்டுமன்றி, நாழிகையும் கூறுதல் கடன்.

முன்னாளில் இஃது எளிதன்று. 1920களில் ஆக்ஸ்போர்டில் டாப்சன் அமைத்த கருவி கதிரவன் ஒளியைக்கொண்டு ஓசோனை அளப்பது. கோடைக்கானல் மலையிலும் அவ்வகைக் கருவி பயன்பட்டது. இரவில் அளத்தற்கு நிலவொளி வேண்டும். அதுவும் முழுமதியை ஒட்டிய சில இரவுகளில்தான் கைகூடும். பின்னரோ, ஓசோன் தானே வெளிவிடும் நுண்ணலைகளை ஏற்று, இரவும் பகலும் ஓயாது அளக்கும் கருவிகள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலும், ஹவாய்த் தீவின் மௌனலோவா மலையிலும் நிறுவப்பட்டன. செயற்கைக்கோள்களின் பழைய கணக்குகளை அறிஞர் திருத்துவது, மணிக்கு மணி எழுதப்பட்ட அவற்றின் ஏடுகளை அருகில் வைத்துக்கொண்டுதான்.