மரச்சாமான்தானே, ஒண்ணும் செய்யாது

போன மாதம் மேலப்பாளையத்தில் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். பதினோரு மாதப் பிள்ளை நடைவண்டியின் கைப்பிடியைக் கடித்துக்கொண்டிருந்தான். உதடெல்லாம் சிவப்பு. ரத்தமென்று பதறித் துடைத்தால், பெயிண்ட். உம்மா அசரவில்லை. “மரச்சாமான்தானே, ஒண்ணும் செய்யாது” என்றார்கள். விற்ற கடைக்காரரும் அதையேதான் சொன்னாராம்.

இணையத்தில் நம்மாட்களும் அதைத்தான் சொல்கிறார்கள், கொஞ்சம் அலங்காரமான தமிழில். பிளாஸ்டிக் விஷம், மரம் மரபு. கூடவே ஒரு சொப்புச் சாமான் படம். என் சண்டை இவர்களோடுதான். எந்தப் பிள்ளையும் மரத்தைத் தின்பதில்லை. மரத்தின்மேல் பூசியதைத்தான் தின்கிறது.

எங்களூரிலிருந்து மேற்கே போனால் அம்பாசமுத்திரம். சொப்புச் சாமானுக்குப் பேர்போன ஊர். கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் இதே முறைதான். அரக்கு ஒரு பூச்சியின் பிசின். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாக இன்றும் போகிறது. வெந்நீரும் ஸ்பிரிட்டும் அதற்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

அப்போ அரக்கு என்றால் நிம்மதியா? இல்லை. அரக்கில் கலக்கும் நிறம் எது? பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஈயக் குரோமேட் கலக்கும் பழக்கம் பெயிண்ட் தொழிலில் நெடுங்காலம் இருந்தது. ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளையின் மூளைக்குச் சேதம் வந்தால் திரும்பாது. இதில் கம்பெனிக்காரனும் உத்தமனில்லை. 2007-ல் மட்டெல் நிறுவனமே ஈயப் பெயிண்ட் அடித்த பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2016-ல் வந்த விதி வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் நிறுத்தியது. தொழிற்சாலைப் பெயிண்டுக்கு அந்த விதி இல்லை. நடைவண்டிக்கு அடித்தது எந்த டின் என்று யார் பார்த்தது? 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் பதிவுசெய்த கைவினைஞர்களுக்கு அதிலிருந்து விலக்கு.

இந்த விலக்கைத்தான் நாம் சலுகை என்று கொண்டாடுகிறோம். சோதனைச் செலவைக் கடைசல்காரர் தலையில் கட்டுவது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் சோதனையே வேண்டாம் என்பது கைவினைக்குச் செய்யும் மரியாதையா? “உன் பொருளை யாரும் சீரியஸா எடுத்துக்கப் போறதில்லை” என்று சொல்வதுதான் அது. பத்துப் பட்டறை ஒரே கடையில் நிறம் வாங்குகிறது. அந்த நிறத்தை அரசு தன் செலவில் ஒருமுறை சோதித்துச் சீட்டு ஒட்டட்டும். ஒவ்வொரு பொம்மையையும் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு அலைய வேண்டாம். கடைசல்காரரும் அந்தச் சீட்டைக் காட்டி நாலு காசு கூடக் கேட்கலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். நிறமில்லாத மரச்சாமான் வாங்குங்கள். பளபளப்பு வேண்டுமென்றால் தேன்மெழுகு தேய்க்கலாம். தேயத் தேயத் திரும்பப் பூச வேண்டும். ஆளிவிதை எண்ணெய் இன்னும் உறுதி. ஆனால் ‘காய்ச்சியது’ என்று டின்னில் வருவதில் சீக்கிரம் உலர்வதற்கென்று உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். சேர்க்காததை வாங்கி, மெல்லிசாகப் பூசி, வாரக்கணக்கில் காயவிடுங்கள். எதைப் பூசினாலும் வாடை போகாமல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். பழைய பெயிண்ட் உரிகிறதென்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். அதில் ஈயம் இருந்தால், அந்தத் தூசி வீடு முழுக்கப் பரவும்.

நடைவண்டியைத் தூக்கிப் போட்டோம். பிள்ளை இரண்டு நாள் அழுதான். உம்மா இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறார்கள்.