தவணைக் கடனும் மறைந்து நிற்கும் வட்டியும்

தருமபுரி ஜில்லா வத்தல்மலையில் காப்பி, மிளகு, சாமை, கேழ்வரகு முதலியவற்றைச் சாகுபடி செய்யும் குடியானவர்களுக்கு வருமானம் மாதந்தோறும் வருவதன்று. காப்பிப் பழம் பறித்து விற்கும் பருவத்திலேயே அவர்கள் கையில் ரொக்கம் தாராளமாகப் புழங்கும். ஆனால், “இப்போது வாங்குக, பின்னர் செலுத்துக” என்று கடைகளிலும் கைபேசிச் செயலிகளிலும் இக்காலத்தில் கொடுக்கப்படும் கடனோ மாதந்தவறாமல் தவணையைக் கோருகிறது. வரவு வருஷக் கணக்கிலும் செலவு மாதக் கணக்கிலும் நடக்குமாயின் குடித்தனம் நிலைகுலையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விதக் கடனுக்கு வட்டியே இல்லையென்று சொல்லப்படுவதை ஆராய்ந்து பார்த்தல் அவசியம். உதாரணமாக, மருந்து தெளிக்கும் விசைக்கருவி ஒன்று ரொக்கத்துக்கு 11,000 ரூபாய் என்றும், மாதம் 2,000 ரூபாய் வீதம் 6 தவணைகளில் 12,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளலாம். அதிகப்படியான 1,000 ரூபாயே வட்டியாகும். அதை 9 சதவீதமென்று மதிப்பது பிழை. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், 11,000 ரூபாயும் ஆறு மாதம் முழுவதும் வாங்கியவரிடம் இருப்பதில்லை. குறைந்துவரும் பாக்கியின்மீது கணக்கிட்டால் வட்டி வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேலாகிறது. இதன்றி, ஒரு தவணை தவறியதற்கு 250 ரூபாய் அபராதம் விதிக்கப்படுமானால், அந்த 2,000 ரூபாயின்மீது அது 12½ சதவீதப் பாரமாகும்.

கடன் வாங்குவதே குற்றமென்று கூறுவது நியாயமன்று. தக்க சமயத்தில் வாங்கிய கருவி பயிரைக் காப்பாற்றிக் கடனையும் தீர்த்துவிடக்கூடும். ஆயின், விளைச்சலைப் பெருக்காத பொருள்களை அடுத்த மகசூலின்மேல் நம்பிக்கை வைத்துத் தவணைக்கு வாங்குவது, விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும்.

சாகுபடிச் செலவுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுக்கும் பயிர்க்கடன், அறுவடைக் காலத்தை ஒட்டித் திருப்பிச் செலுத்தத்தக்கது. கெடு தவறாமல் செலுத்துவோருக்கு அதன் வட்டியைத் தமிழ்நாடு சர்க்காரே ஏற்றுக்கொள்கிறது. இச்சலுகை இருக்கையில், உரத்துக்கும் விதைக்கும் மாதத்தவணைக் கடனை நாடுவது விவேகமன்று.

செயலி மூலம் கடன் பெறுவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். பாங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் கட்டணங்களையும் உட்படுத்திய வருஷாந்தர வட்டி விகிதத்தைக் கடன் பெறுவோருக்கு முன்னதாகவே எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டுமென்று ரிசர்வ் பாங்கி 2022-ஆம் வருஷத்தில் விதித்தது. தினவட்டி, கந்துவட்டி, மீட்டர்வட்டி முதலியவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கிறது.

சட்டம் இருந்தும், அதை அறியாதவருக்குப் பயனில்லை. ஆகவே, கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயங்களை மலைக்கிராமங்களில் கூடும் ஜனங்களுக்கு விளக்கிச் சொல்வது பேருபகாரமாகும். குடியானவர்களும் கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டறிதல் நலம்: ரொக்க விலை என்ன? தவணைகளெல்லாம் சேர்ந்து எவ்வளவு? தவணை தவறினால் அபராதம் எவ்வளவு? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை கொடுக்க மறுக்குமிடத்தில் கடன் கொள்ளாதிருத்தலே லாபம்.