பாதை போட்டது யாரு?

1937-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, ஜார்ஜ் டவுனில் இருந்து தாம்பரத்துக்கு மாறியது. அந்த வளாகத்தில் ஆசை ஆசையாக மரம் வளர்த்தவர்கள் எட்வர்டு பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும். பார்ன்ஸ் பாட்டனி புரொபசர் இல்லை... கெமிஸ்ட்ரி!

'அப்போ மெக்கானிக்கல் பசங்க பண்ணக் கூடாதா?' என்று எங்கள் காலேஜில் பல்லுயிர்ப் பாதை போடக் கிளம்பினோம். முதல் மரத்திலேயே அரியர்! வேம்பா, மலைவேம்பா? ஆளாளுக்குத் திருதிருவென முழித்தோம். தோட்டக்கார அண்ணன்தான் கிளையை வளைத்துக் காட்டினார். "வேம்புல ஒரே ஈர்க்கு தம்பி, ரெண்டு பக்கமும் இலை. இதுல ஈர்க்கே கிளை கிளையாப் பிரியும் பாரு."

மரத்துக்கு மரம் பலகை வைத்து, கன்றும் நட்டு, போட்டோ எடுத்தாச்சு. அடுத்த வாரம் பார்த்தால், எரித்த சருகோடு மூன்று கன்றுகளும் கருகிக் கிடந்தன. பெருக்கும் அக்காக்களிடம் கோபமாகப் போனோம். "இங்க கன்னு இருக்குன்னு யாருப்பா சொன்னீங்க?" என்றார்கள். எங்களிடம் பதில் இல்லை.

இப்போது சருகெல்லாம் குழியில் உரமாகிறது. புதுக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அந்த அக்காக்கள்தான்.

உங்க காலேஜிலும் பாதை போடப் போறீங்களா? பெயின்ட் வாங்குறதுக்கு முன்னாடி, அவங்களோட உட்கார்ந்து ஒரு டீ குடிங்க பாஸ்!