துவைகல்லும் மாடிவீடும்

வாடகைக்கு வீடு தேடுவோர் முன்னாளில் கிணற்று நீர் நன்னீரா உவர்நீரா என்றுதான் முதலில் விசாரிப்பர். இந்நாளில் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சிறுநகரங்களுக்கு இடமாற்றம் பெற்றுவரும் உத்தியோகத்தர்கள், "வீட்டுக்குள் சலவை இயந்திரம் உண்டா?" என்றும் கேட்கின்றனர். கணவனும் மனைவியும் காலையிலேயே வேலைக்குப் புறப்படும் குடும்பத்துக்கு இது நியாயமான கேள்வியே. கிணற்றடியில் நீர் அள்ளித் துவைகல்லில் அடித்துத் துவைத்த காலத்தைப் போற்றிப் பேசுவோர், பெரும்பாலும் அவ்வேலையைச் செய்தறியாத ஆடவரே!

ஆயினும், "இயந்திரம் உண்டு" என்ற விடையுடன் மனநிறைவு கொள்ளலாகாது. அதற்கு நீர் எவ்வாறு வருகின்றது, மின்கட்டணம் எவ்வாறு கணிக்கப்படுகின்றது, கழிவுநீர் எங்கே செல்கின்றது என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே முற்பணம் கொடுத்தல் வேண்டும்.

முதலாவது நீர். நீர்த்தாங்கி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் குழாயில் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். முன்புறக் கதவுள்ள இயந்திரங்கள் பலவற்றுக்கு அதிற் பாதியேனும் வேண்டும். மேல்மாடியில் குடியிருப்போரின் தலைக்குமேல் இரண்டு மீற்றர் உயரத்தில் தாங்கி இருப்பின், இயந்திரம் நீருக்காகக் காத்துக் கிடக்கும். மேலும், குடாநாட்டின் பெரும்பகுதி சுண்ணக்கல் நிலம். கிணற்று நீர் வன்னீர். அதில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. நீரைச் சூடாக்கும் இயந்திரத்தின் உள்ளே சுண்ணாம்புப் படிவும் சேரும். ஆதலால் அன்றாடத் துணிகளுக்குத் தண்ணீர்ச் சலவையே போதும், மின்சாரமும் மீதமாகும்.

இரண்டாவது மின்கட்டணம். நம் நாட்டில் வீட்டுப் பாவனை அலகுகள் கூடக்கூட அலகொன்றின் விலையும் ஏறுகின்றது. இரு குடும்பங்கள் ஒரே மின்மானியைப் பகிர்ந்தால் இருவருமே கூடிய விலைப் படிக்குத் தள்ளப்படுவர். பின்னர், "உங்கள் இயந்திரத்தால் வந்த வினை" என்று கீழ்வீட்டார் முகஞ்சுளிப்பர். தனி மின்மானி இருத்தல் நன்று. இன்றேல் பங்கு இவ்வளவு என முன்னரே எழுதிக்கொள்க.

மூன்றாவதே மிக முக்கியமானது. சுண்ணக்கற் பாறையில் வெடிப்புகள் பல. நிலத்தில் விட்ட கழிவுநீர் மண்ணில் வடிபட அவகாசமின்றி விரைந்து நிலத்தடி நீரைச் சேரக்கூடும். அதே வளவுக் கிணற்றிலிருந்துதான் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் குடிநீர் எடுக்கின்றனர். சலவை நீரை மலசலகூடக் குழியில் விட்டால், குழி விரைவில் நிரம்பி வழியும். கிணற்றுக்கு அருகில் விட்டால், நமது அழுக்கை நாமே பருகுவோம்.

நம் முன்னோர் கிணற்றடி நீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சினர். இன்றும் கிணற்றுக்குத் தொலைவில் ஒரு வாழைப்பாத்தி அமைத்து, மென்மையான சவர்க்காரத் தூளை அளவோடு பாவித்து, நீரை அங்கே செலுத்தலாம். வளவு சிறிதாயின், தனியான வடிகுழி வேண்டுமென வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அதனால் அவர் வீட்டுக் கிணறும் காக்கப்படும் அன்றோ?

வீடு பார்க்கச் செல்பவர் அறையின் வண்ணத்தைப் பார்க்குமுன், குழாயைத் திறந்து பார்க்கட்டும். பின்வளவிற்குச் சென்று கழிவுநீர் போகும் வழியையும் ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.