காற்றாலை ஆயிலுக்கு ஒரு 'ரத்தப் பரிசோதனை': 18/16/13 என்றால் என்ன?

முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸில் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். வரிசையாகக் காற்றாலைகள், பத்து சுற்றிக்கொண்டிருக்கும், நடுவில் ஒன்று மட்டும் சும்மா நிற்கும். "இவ்வளவு காத்து அடிக்குது, இது ஏன் நிக்குது?" என்று பக்கத்து சீட்டில் யாராவது கேட்பார்கள்.

காரணம் பல இருக்கலாம். கிரிட்டில் மின்சாரத்தை எடுத்துக்கொள்ள இடமில்லாமல் போகலாம், வழக்கமான பராமரிப்பாக இருக்கலாம். உரிமையாளர் கேட்கவே பயப்படும் காரணம் ஒன்று உண்டு: கியர்பாக்ஸ் போச்சு. அதை மேலிருந்து இறக்க பெரிய கிரேன் வர வேண்டும். மே முதல் செப்டம்பர் வரையிலான காற்று சீசனில் இது நடந்தால் அந்த வருட வருமானமே அடிபடும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

தமிழ்நாட்டில் காற்றாலைகளின் கதை 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் தொடங்கியது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். சீக்கிரமே தொடங்கியதால் பழைய இயந்திரங்களும் இங்கே நிறைய. அவற்றில் கணிசமானவை நூற்பாலைகள் தங்கள் சொந்தத் தேவைக்கு நிறுவியவை. 20 வயதைத் தாண்டியவற்றை மாற்றுவதா, புதுப்பிப்பதா, ஆயுளை நீட்டிப்பதா என்பதற்கு 2024-ல் மாநில அரசு தனிக் கொள்கை கொண்டு வந்தது. கட்டண விஷயத்தில் உரிமையாளர்களிடம் கடும் எதிர்ப்பு.

அந்தச் சண்டை பணத்தைப் பற்றியது. ஆனால் குறிப்பிட்ட ஒரு இயந்திரம் இன்னும் ஐந்து வருடம் தாங்குமா என்ற கேள்விக்குக் கொள்கை ஆவணத்தில் பதில் கிடைக்காது. பதிலில் ஒரு பகுதி, கியர்பாக்ஸில் இருந்து எடுக்கும் ஒரு சின்ன பாட்டில் ஆயிலில் இருக்கிறது. (கியர்பாக்ஸே இல்லாத காற்றாலைகளும் உண்டு. அவை இந்தக் கதையில் வராது.)

கண்ணுக்குத் தெரியாத எதிரி

மெகாவாட் அளவு காற்றாலையில் இறக்கை நிமிடத்துக்கு 15, 20 சுற்றுதான் சுற்றும். ஜெனரேட்டருக்குத் தேவை ஆயிரத்துக்கு மேல். அந்த வேகத்தைக் கூட்டித் தருவது கியர்பாக்ஸ். உள்ளே பல்லும் பல்லும், பேரிங்கும் உருளையும் உரசாமல் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய ஆயில் படலம். அதன் தடிமன் பல இடங்களில் ஒரு மைக்ரான் அளவுதான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான்.

அந்தப் படலத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மணல் துகளோ இரும்புத் துகளோ இடையில் சிக்கினால், பேரிங்கின் முகத்தில் சின்னக் குழி விழும். குழியின் ஓரம் பெயர்ந்து புதுத் துகள் ஆகும். அது இன்னொரு குழி போடும். வட்டி குட்டி போடுவது மாதிரி. சுமார் 40 மைக்ரானுக்குக் கீழே உள்ளது நம் கண்ணுக்கே தெரியாது என்பதால், 'ஆயில் பளபளன்னு இருக்கு, மாத்த வேண்டாம்' என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

மூன்று எண்கள் என்ன சொல்கின்றன?

லேபில் ஆயிலை ஒரு நுண்ணிய வழியாக ஓடவிட்டு லேசர் ஒளி பாய்ச்சுவார்கள். ஒவ்வொரு துகளும் ஒளியை மறைக்கும்போது கருவி ஒன்று, இரண்டு என எண்ணும். ரிசல்ட் 18/16/13 மாதிரி வரும். இது ஐஎஸ்ஓ 4406 என்ற சர்வதேசக் குறியீடு. ஒரு மில்லிலிட்டரில் 4 மைக்ரானுக்கு மேல், 6-க்கு மேல், 14-க்கு மேல் எத்தனை துகள் என்பதை மூன்று எண்களும் வரிசையாகச் சொல்கின்றன.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். 18 என்றால் 18 துகள் இல்லை. 1,300-க்கு மேல் 2,500 வரை. எண் ஒன்று கூடினால் துகள் எண்ணிக்கை இரண்டு மடங்கு. 18-ல் இருந்து 21-க்குப் போவது ரிப்போர்ட்டில் மூன்றுதான், உள்ளே எட்டு மடங்கு.

18/16/13 என்பது ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலை கியர்பாக்ஸுக்கு அமெரிக்க கியர் உற்பத்தியாளர் சங்கத்தின் தர வழிகாட்டி ஏற்றுக்கொண்ட அளவு. 300 லிட்டர் ஆயில் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இந்த 'பாஸ்' ஆயிலிலேயே 39 கோடி முதல் 75 கோடி துகள்கள்! புதிதாக ஊற்றும் ஆயிலுக்கு அதே வழிகாட்டி கேட்பது 16/14/11. பேரலில் வரும் புது ஆயில் அந்தச் சுத்தத்தில் இருக்கும் என்று நம்பவே முடியாது. அதனால்தான் ஃபில்டர் வழியாக ஏற்றச் சொல்கிறார்கள்.

ரிப்போர்ட் பொய் சொல்லுமா?

சொல்லும். லேசருக்குத் துகளும் காற்றுக் குமிழியும் தண்ணீர்த் துளியும் ஒன்றுதான், மூன்றும் நிழல். கியர் ஆயில் கெட்டியானது, குமிழி லேசில் போகாது. அதனால் கரைப்பான் கலந்து, குமிழி நீக்கி எண்ண வேண்டும். சந்தேகம் வந்தால் ஆயிலை மெல்லிய சவ்வில் வடிகட்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் வழி. மணலா, பித்தளையா, பேரிங்கில் இருந்து பெயர்ந்த செதிலா என்பது அதில்தான் தெரியும்.

இன்னொரு பொறி, உலோக அளவு சொல்லும் ஸ்பெக்ட்ரோமீட்டர் டெஸ்ட். 'இரும்பு இத்தனை பிபிஎம்' என்று வருமே, அது. சில மைக்ரானைத் தாண்டிய பெரிய துகள்களை அது சரியாகப் பிடிக்காது. பெரிய செதில்கள் உதிர்வதுதான் ஆபத்தின் கடைசிக் கட்டம். அந்த நேரத்தில் பிபிஎம் நார்மலாகவே இருக்கலாம். இரும்புத் துகளின் மொத்த அளவைக் காந்தப்புலத்தால் அளக்கும் டெஸ்டும் சேர்ந்தால்தான் படம் முழுமை.

என் பார்வையில், இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை மாதிரி எடுக்கும் விதத்தில் இருக்கிறது. டவர் ஏறிப் போய், இயந்திரம் ஓடி சூடாக இருக்கும்போதே, ஃபில்டருக்கு முன்னால் உள்ள வால்வில் இருந்து, முதல் கொஞ்சத்தைக் கொட்டிவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். அடியில் உள்ள டிரெயின் பிளக்கில் பிடித்தால் வருஷக்கணக்கான வண்டல் வரும். ஃபில்டருக்குப் பின்னால் பிடித்தால் வடிகட்டிய ஆயில் வரும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். காற்றும் தூசியும் அடிக்கும் கணவாயில் பாட்டில் மூடியைத் திறந்து வைத்தாலே போதும், சாம்பிள் கெட்டுவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் டெஸ்ட் பிடிக்காத பழுது உண்டு. 2016 ஏப்ரல் 29-ல் நார்வேயில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து 13 பேர் இறந்தார்கள். கியர்பாக்ஸுக்குள் ஒரு கியரில் விரிசல் உள்ளுக்குள்ளேயே வளர்ந்திருந்தது. ஆயிலில் உலோகத் துகளைப் பிடிக்கும் சென்சார் எச்சரிக்கவில்லை. துகள் உதிராமல் வளரும் விரிசலுக்கு ஆயில் சாட்சி சொல்லாது. அதனால் காற்றாலையிலும் அதிர்வுச் சோதனையும், உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பதும் கூடவே வேண்டும்.

பழைய காற்றாலையை வாங்கவோ, ஆயுளை நீட்டிக்கவோ யோசிப்பவர்கள் நேற்று எடுத்த ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஆயில் மாற்றிய மறுநாள் எந்த கியர்பாக்ஸும் ஆரோக்கியமாகத்தான் தெரியும். ஒரே வால்வில் இருந்து மூன்று நான்கு வருடமாக எடுத்த ரிப்போர்ட்டுகளையும், ஆயில் மாற்றிய தேதிகளையும் சேர்த்துக் கேளுங்கள்.